இரண்டாம் பாதியின் குரல்

பேரரசன் ஏழாவது நாட்டை வென்றுகொண்டிருந்தபோது என் மனைவி என் தோளில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணியை முடித்து, காலை எட்டு மணிக்குக் கையெழுத்திட்டுவிட்டு, விரல்களில் கிருமிநாசினியின் வாடை போகாமலேயே நேராகத் திரையரங்கிற்கு வந்திருந்தாள். படமோ மூன்று மணி நேரத்திற்கும் அதிகம். பழங்காலத்து மன்னன் ஒருவன் பாலைவனத்தில் புறப்பட்டுக் கடல் வரை கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்து, கடைசியில் காய்ச்சலில் இறந்துபோகும் கதை. வேற்று மொழியில் எடுக்கப்பட்ட அப்படத்தில், நம் மொழியில் அம்மன்னனுக்குக் குரல் கொடுத்தவன் நான்.

அதாவது, இடைவேளை வரை நான்.

"அத்தான், நீங்க போட்ட சத்தத்துல யானையே பின்னாடி போகுது பாருங்க," என்றான் மறுபுறம் அமர்ந்திருந்த என் மனைவியின் தம்பி. லாரி ஓட்டுபவன். "நம்ம வண்டிக்கு இனிமே ஹாரனே வேண்டாம். உங்களை முன்னாடி உட்கார வச்சாப் போதும்."

"மெதுவாப் பேசு மாப்ளே, அக்கா தூங்குறா."

"இந்தச் சத்தத்துல தூங்குறவளை நான் பேசியா எழுப்பப் போறேன்?"

எங்கள் தொழிலில் ஓர் ஒழுங்கு உண்டு. கிசுகிசுப்பை முதலில் பதிவு செய்ய வேண்டும். அடுத்து சாதாரணப் பேச்சு. போர்க் கூச்சலைக் கடைசி நாளுக்கு ஒதுக்க வேண்டும். கத்திய தொண்டை மறுநாள் கிசுகிசுக்காது. பதினாறு ஆண்டுகளாக வாயிற்காவலனுக்கும் தூதுவனுக்கும் குரல் கொடுத்த எனக்கு இது தெரியாததல்ல. ஆயினும் முதல் நாளே, தளபதிகளுக்குப் பேச வந்த நால்வர், "மாலை ரயிலுக்குப் போகணும் சார், போரை முதல்ல முடிச்சுக்கலாமா?" என்று கேட்டார்கள். பெட்டிகளுடன் நின்றிருந்தார்கள். "அதற்கென்ன, தாராளமாக" என்று சொல்லிவிட்டேன். முடியாது என்று சொல்ல எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் தொண்டை வீங்கியது. மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். பட வெளியீட்டுத் தேதியோ காத்திருக்கவில்லை. மன்னன் காய்ச்சலில் புலம்புவதையும், தாயை நினைத்து அழுவதையும், சாவதையும் என்னைப் போன்ற குரலுடைய இன்னொருவர் பேசி முடித்தார். வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் தொண்டை கட்டியது என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

இப்போது இரண்டாம் பாகம் வருகிறது. மன்னனின் ஆவியும் அவன் மகனும். குரல் பதிவுக்குப் பொறுப்பான அம்மையார் முந்தின நாள் என்னை அழைத்திருந்தார்.

"இரண்டாம் பாகத்துல ஒரே ஆள்தான் பேசணும் சார். கேட்டுக் கேட்டு என் காது செத்துப்போச்சு, எனக்கு வித்தியாசமே தெரியலை. நீங்க வீட்டு ஆளுங்களோட போய்ப் பாருங்க. குரல் மாறினது தெரியலைன்னா படம் உங்களுக்கு. தெரிஞ்சிருச்சுன்னா அவரையே போட்டுக்கறேன், ஜனங்க மனசுல நிக்கறது கடைசிப் பாதிதானே? மதியம் கூப்பிடுறேன். உங்க வார்த்தை போதும் எனக்கு."

என் வார்த்தை போதும் என்று அவர் சொன்னதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வேறொருவரை அனுப்பியிருக்கலாம்.

இடைவேளையில் மைத்துனன் எழுந்து போய்ச் சோளப்பொரி வாங்கி வந்தான். மனைவி அசையவில்லை. அவள் உறங்கியது எனக்கு வருத்தமாக இருந்தது. சற்று நிம்மதியாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

விளக்குகள் அணைந்தன. பாசறையில் மன்னன் படுத்திருந்தான். மருத்துவன் நாடி பார்த்தான். மன்னன் கண் திறந்து, மிகவும் தணிந்த குரலில், "வெளியே மழையா?" என்று கேட்டான்.

என் மனைவி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"யாரது?"

"மன்னன்தான்."

"மன்னன் இருக்கட்டும். பேசுறது யாரு?"

பின்வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். தாழ்வாரத்தில் ஒரு நீளப் பலகை இருந்தது. ஊழியர் ஒருவர் சிந்திய பொரியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கண்களைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்.

"வீட்ல நீங்க பக்கத்து அறையில கத்திக்கிட்டே இருப்பீங்க, நான் தூங்கிக்கிட்டே இருப்பேன். இது யாரோ வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு. அதான் முழிச்சேன்." பிறகு குரல் உயர்ந்தது. "போரை முதல்ல எடுக்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"நாலு பேர் ஊருக்குப் போகணும்னு பெட்டியோட நின்னாங்க."

"உங்க தொண்டை ஊருக்குப் போனதை யாரு பார்த்தா? எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

மேலும் திட்டுவதற்கு அவளிடம் தெம்பில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். மூடிய கதவின் வழியே மன்னனின் நீண்ட சாவு கேட்டது. அந்த மனிதர் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்பாகச் சிறிது மூச்சு விட்டார். எனக்கு அது தோன்றியிருக்காது.

"நல்லாப் பண்றாரு," என்றேன்.

"ஆமா. நல்லாத்தான் பண்றாரு."

அவள் பொய் சொல்லியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

படம் முடிந்தது. கூட்டத்துக்கு முன்னால் மைத்துனன் ஓடிவந்தான். கண்கள் சிவந்திருந்தன. என் இரு கைகளையும் பற்றிக்கொண்டான்.

"அத்தான், முதல் பாதியில சும்மா கத்துனீங்க. ஆனா கடைசியில கொன்னுட்டீங்க! லாரிக்காரனை அழ வச்சிட்டீங்களே!"

"அது நான் இல்லை, மாப்ளே."

"இந்த அடக்கத்தாலதான் பதினாறு வருஷமா கதவு திறக்குற காவலாளியாவே இருந்தீங்க," என்று முதுகில் தட்டிவிட்டு முகம் கழுவப் போனான்.

அப்போது தொலைபேசி ஒலித்தது. அம்மையார்தான்.

"என்ன சார், பார்த்தாச்சா? வீட்ல என்ன சொன்னாங்க?"

சாட்சிகள் இருவர். ஒருவன் மூன்று மணி நேரம் விழித்திருந்தும் அறியவில்லை. அவனை மட்டும் சொன்னால் அது பொய்யாகாது. நான் மனைவியைப் பார்த்தேன்.

"என்னைப் பார்க்காதீங்க," என்றாள். "எனக்குத் தூக்கம் வருது. ரெண்டுல எதைச் சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்."

"தெரியுதுங்க மேடம்," என்றேன் தொலைபேசியில்.

"யாருக்கு?"

"என் மனைவிக்கு."

"கூர்ந்து கவனிச்சுக் கேட்டிருப்பாங்க."

"இல்லைங்க. தூங்கிக்கிட்டு இருந்தாங்க."

மறுமுனையில் அம்மையார் தாள்களைப் புரட்டும் ஓசை கேட்டது. நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. நான் எடுத்துக்கொள்ளவில்லை. துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்.

"சரி சார். அவரையே போட்டுக்கறேன்," என்றார் அம்மையார். "மகனோட அமைச்சர் ஒருத்தர் இருக்காரு. முப்பது வரி. அதுக்கு வர்றீங்களா?"

"கடைசி வரைக்கும் இருக்காரா?"

"நடுவுல விஷம் வச்சிடுவாங்க."

"வர்றேங்க," என்றேன்.

மைத்துனன் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தான். மனைவி பலகையிலிருந்து எழ இரண்டு முறை முயன்றாள். மூன்றாவது முறை நான் கை கொடுத்தேன்.

"யாரு போன்ல?" என்றான் அவன்.

"வேலை விஷயம்டா," என்றாள் அவள். "வண்டியை எடு. பாட்டு மட்டும் போடாத, நான் தூங்கணும்."