தாய்மாமன் மகன்

பதினேழாவது கேள்வியில் உலகம்மை மறுபடியும் என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். ‘புகைப்படத்தில் இருப்பவரைக் காட்டி ஒரு பெண் சொன்னாள்: இவர் என் தாயின் சகோதரனுடைய ஒரே மகன். அவர் அவளுக்கு என்ன உறவு?’ அண்ணன், மாமா, கஸின், கணவன் என்று நான்கு விடைகள். அவள் யோசிக்கவே இல்லை, கணவனைச் சுற்றி வட்டம் போட்டாள். விடைப் புத்தகம் என் மடியில் இருந்தது. அதில் கஸின் என்று போட்டிருந்தது.

“தப்பு, உலகு.”

“என்ன தப்பு? எங்கம்மைக்கக் கூடப்பொறந்தவரு மகன் பின்ன எனக்கு யாராம்?” என்று என்னிடமே கேட்டாள்.

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற விஷயமா இது? போன வருடம் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் மூன்று மார்க்கில் அவளுக்கு இடம் போயிற்று. மூன்றும் இந்த உறவுக் கேள்விகள்தான். வஞ்சியூரில் ஒரு வக்கீலிடம் பதினோரு வருடமாக மனு டைப் செய்கிறாள். அவர் விடும் பிழைகளைத் திருத்துகிறவள் இவள், கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டில் நிற்கிறவர் அவர். வயது முப்பத்தெட்டாகிறது. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் இனி எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், என் அத்தை மகளை எனக்குத் தெரியாதா?

தினமும் சாலைக் கடைத்தெருவில் என் பெயிண்ட் கடையை ஆறு மணிக்கே பூட்டிவிட்டு வந்து கேள்வி கேட்க உட்கார்ந்தேன். மழை விடாமல் பெய்த அந்த இரண்டு வாரமும் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த மாதிரி இல்லை. பி, க்யூ, எஸ், டி என்று புத்தகத்துக் கேள்விகளில் வருகிற யார் யாரோ வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது. யாருக்கு இடப்புறம் யார் என்பது மட்டும்தான் அவர்கள் கவலை.

“எஸ் பாவம் அத்தான், அவன் பக்கத்துல ஒருத்தரும் இருக்கமாட்டேங்காங்க” என்பாள் தோசை ஊற்றிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் அவர்கள் எனக்கும் வந்தார்கள். மேசைக்கு அடியில் முழங்கால் அளவு தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. அங்கே யாருக்கும் யாரும் எதுவுமில்லை. உலகம்மை எனக்கு நேர் எதிரில் யாரோ ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள். அழகாக இருந்தாள். பெயரைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கொடுத்த தகவலை மட்டும் கொள்க, வெளியே தெரிந்தது செல்லாது என்று புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் மிரட்டியது. வீட்டை வெளியே விட்டுவிட்டுப் படி என்று நானும் சொன்னேன். கெட்டிக்காரி, மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டாள். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் நானே ஒரு கேள்வி போட்டேன்.

“எங்கப்பாக்க தங்கச்சி மக எனக்கு யாரு?”

“கஸின்.” அவள் தலை நிமிரவில்லை.

“வேற ஒண்ணும் இல்லியா?”

“குடுத்த தகவல்ல வேற ஒண்ணும் இல்ல, அத்தான்.”

சரியான விடை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினைந்து வருடக் குடித்தனம் கணக்கில் வராமல் போனதில் கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் தேர்வு நடந்த கல்லூரி வாசலில் நல்ல கூட்டம், நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பின்னால் போன என்னைக் காவலாளி மறித்து மலையாளத்தில் கேட்டார்.

“ஆ சேச்சியுடெ ஆரா?”

அவளுக்கு நான் யார் என்று கேட்கிறார். இரண்டு வாரப் பழக்கம், யோசிக்கவே இல்லை. “கஸின்” என்றேன்.

“கஸின்ஸ் ஒக்கெ வெளியில். அச்சன், அம்ம, பர்த்தாவு மாத்ரம் அகத்து.”

அப்பா, அம்மா, கணவன் மட்டும்தான் உள்ளே போகலாமாம். திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படியில் உலகம்மை திரும்பி நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டுவிட்டது. ஹால் டிக்கெட்டால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். ஐயோ, இந்தச் சிரிப்போடு உள்ளே போனால் வீடும் கூடவே போய்விடுமே என்று எனக்குப் பயமாகிவிட்டது. சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, அவளை முன்பின் பார்த்திராத ஆளைப் போல ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றேன்.

மணி அடித்தது. நான் திரும்பிப் பார்த்தபோது படி காலியாக இருந்தது. மாடியில், சாரல் அடித்த ஜன்னல்களை யாரோ ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு போனார்கள்.