தானா ஏறுன என்ஜின்

கருத்தக்கண்ணனின் இடது கைக் கட்டைப் பிரித்த அன்று டாக்டர் ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டச் சொன்னார். விரல் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. நடுவிரல் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. பக்கத்தில் நின்ற தங்கப்பாண்டி, சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படிப் பட்டுச்சுன்னு சொன்னீங்க?"

"ரிமோட் விமானம் சார். பெட்ரோல் என்ஜின். சும்மா மெதுவா ஓடிக்கிட்டு இருந்தது, தானா ஏறிடுச்சு" என்றான் கண்ணன்.

'தானா ஏறிடுச்சு.' அது தங்கப்பாண்டியின் வார்த்தை. அவன் வாயிலிருந்து முதலில் வந்து, இப்போது மச்சானின் வாயில் உண்மையாகிவிட்டிருந்தது.

இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பின்னால் கண்ணனின் தங்கை அஸ்வினியைத் தங்கப்பாண்டி கட்டிக்கொண்டதில் சிநேகம் உறவாயிற்று. அதன் பிறகு வாடா போடா மட்டும்தான் நின்றுபோனது. மாப்ள, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டாலும் 'நீங்க' வரவில்லை, நீ, வா, போதான். கண்ணன் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்தான். தங்கப்பாண்டிக்கு சிம்மக்கல்லில் பிளெக்ஸ் அடிக்கிற கடை. கோச்சடையில் தன் வீட்டு மாடி அறையில் கண்ணன் அந்த விமானத்தை ஒரு வருஷமாகக் கோத்துக்கொண்டிருந்தான். மஞ்சள் உடம்பு, கறுப்புக் கட்டம் போட்ட இறக்கை. இறக்கையின் நீளத்துக்கு ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்தாலும் இடம் மிஞ்சும். வானத்தில் குட்டிக்கரணம் போடுவதற்கென்றே செய்த சாதி அது. அதன் ஒவ்வொரு கீலையும், ஒவ்வொரு குட்டி மோட்டாரையும் கண்ணன் தன் கையால் பொருத்தினான். இரும்புக் கம்பி வேலை மட்டும் அவனியாபுரத்தில் லேத் வைத்திருக்கும் விருமாண்டியுடையது. அவன் கண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

செக்கானூரணியைத் தாண்டி, கண்ணனின் ஊர்ப் பொட்டலில் முதன்முதலாக என்ஜினை ஓட்டிப் பார்த்த நாளில்தான் அது நடந்தது.

கண்ணன் சில விதிகள் வைத்திருந்தான். விமானத்துக்குப் பக்கத்தில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது. ஒருவர் முன்பக்கம் போகிறார் என்றால், ரிமோட் வைத்திருப்பவர் அதிலுள்ள பூட்டு சுவிட்சைப் போட வேண்டும். அதைப் போட்டுவிட்டால் த்ராட்டில் குச்சியை எவ்வளவு தள்ளினாலும் என்ஜின் வேகம் எடுக்காது. அன்றைக்கு விருமாண்டி தண்ணீர் கேன் எடுக்கக் கார் வரை போயிருந்தான். தங்கப்பாண்டி ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விமானத்தின் வாலை இரண்டு முழங்காலுக்கு நடுவே பிடித்து மண்டியிட்டிருந்தான். கண்ணன் சின்ன ஸ்குரூ டிரைவரோடு, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த மூக்கு விசிறிக்குப் பக்கத்தில் என்ஜினுக்குக் குனிந்தான்.

"பூட்டிட்டியா மாப்ள?"

"பூட்டியாச்சு."

பூட்டிவிட்டதாகத்தான் நினைத்தான். அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அதை எடுத்து அணைக்கலாம் என்று கையை வளைத்தான். முழங்கையோ முன்கையோ, எதுவோ குச்சியில் பட்டது. என்ஜின் அலறியது. விமானம் அவன் முழங்கால் பிடியைப் பிய்த்துக்கொண்டு ஒரு முழம் முன்னால் பாய்ந்தது. குச்சியைக் கீழே இழுத்து என்ஜினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணன் தன் இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் மூக்கில் சிவப்பாகத் தெறித்திருந்தது.

விருமாண்டி ஓடிவந்தான். "என்னண்ணே, என்னாச்சு?"

"தானா ஏறிடுச்சு" என்றான் தங்கப்பாண்டி.

துண்டைச் சுற்றி, கண்ணனைக் காரில் ஏற்றினார்கள். தங்கப்பாண்டி ரிமோட்டை எடுக்கத் திரும்பி வந்தான். மண்ணில் அவன் கழற்றிப் போட்டிருந்த ரிமோட்டில் பூட்டு சுவிட்ச் மேலே நின்றிருந்தது. மேலே நின்றால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அவன் அதை ஒரு விரலால் கீழே தள்ளினான். தள்ளிய பிறகுதான் தான் செய்தது உறைத்தது.

போனில் வந்திருந்தது திருமங்கலம் பக்கத்தில் மனை விற்கிற, முன்பே பதிவுசெய்த விளம்பரக் குரல். அதே எண் மறுநாளும் கூப்பிட்டது. அவன் எடுத்து, முழுவதையும் கேட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் கண்ணன் ஒரே காரியத்தில் இறங்கிவிட்டான். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் விமானத்தைப் பிரிப்பான். த்ராட்டில் மோட்டாரைக் கழற்றிச் சோதிப்பான். ரிசீவரை மாற்றுவான். பேட்டரியை, ஒயரை, என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் ஒயரின் உறையை, எல்லாவற்றையும் பார்ப்பான். திரும்ப மாட்டுவான். மறுநாள் திரும்பக் கழற்றுவான்.

"ரிமோட்டு பூட்டியிருந்திருக்கு. அப்ப கோளாறு பிளேன்லதான் இருக்கணும்" என்பான். "என் கண்ணுக்குத்தான் சிக்க மாட்டேங்குது."

தங்கப்பாண்டி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். இல்லாத கோளாறை ஒருவன் இம்புட்டு நேர்மையாகத் தேடுவதைப் பார்ப்பது, சோற்றில் கடிபட்ட கல்லைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருப்பது போலிருந்தது. அண்ணனைப் பார்த்துக்கொள்ள வந்துபோகும் அஸ்வினி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணனுக்கு நீங்களாவது கூட இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த டீயை அவன் குடிக்க மாட்டான். ஆறவிட்டுச் செடியில் ஊற்றுவான்.

கட்டுப் பிரித்த பிறகு, கடைசியில் கண்ணனுக்கு ஒன்று சிக்கியது. த்ராட்டிலை இழுக்கும் சின்னக் கம்பியின் வளைவில் ஒரு கீறல். விருமாண்டி வளைத்துக் கொடுத்த கம்பி.

"இது மாட்டி நின்னுருக்கு மாப்ள. அதான் என்ஜின் ஏறிருச்சு."

"இருக்காது மச்சான். சும்மா கீறல்தான்."

"நீயே சொன்ன, தானா ஏறுச்சுன்னு. தானாங்கிறதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

இருவரும் பைக்கில் அவனியாபுரம் போனார்கள். விருமாண்டி லேத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கம்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது பிளையர் பிடிச்ச தடம்டா கண்ணா. இதுல எப்படி மாட்டும்?"

"மாட்டியிருக்கு. என் விரலைப் பாரு."

விருமாண்டி விரலைப் பார்த்தான். அவன் முகம் கறுத்தது. "என் வேலையில தப்புன்னா சொல்லு, ஒத்துக்கிறேன். ஆனா இதுல தப்பு இல்ல. வேற எங்கயாச்சும் பாரு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லல."

"போதும்டா" என்று கண்ணன் அவன் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். தங்கப்பாண்டி ஒரு கணம் நின்றான். விருமாண்டி அவனை நிமிர்ந்து பார்த்தான். தங்கப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு மச்சானின் பின்னால் போய்விட்டான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை விருமாண்டி தங்கப்பாண்டிக்குப் போன் செய்தான்.

"அண்ணே, எனக்குத் தூக்கம் வரல. நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. நல்லா நினைச்சுப் பார்த்துச் சொல்லுங்க. நெசமாவே தானாத்தான் ஏறுச்சா?"

கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ காதுகுத்து விழாவுக்கான பிளெக்ஸ் அங்குலம் அங்குலமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"ஆமா விருமாண்டி" என்றான்.

"அப்ப என் தப்பாத்தான் இருக்கும்ணே. கம்பிய இன்னும் கொஞ்சம் தடிமனாப் போட்டிருக்கணும். பாவம், அவன் கை." போன் வைக்கப்பட்டது.

முதல் பொய் பயத்தில் வந்தது. அதை அவன் தனக்குள் எப்படியோ சமாளித்து வைத்திருந்தான். இந்தப் பொய்யை மெஷின் முன்னால் நிதானமாக நின்று சொல்லியிருக்கிறான். பொய்யைக் கேட்டவன் பாவம் என்று வருத்தப்பட்டுவிட்டுப் போகிறான்.

இரண்டு நாள் கழித்து அவன் கோச்சடை மாடிக்குப் போனபோது, கண்ணன் விமானத்திலிருந்து என்ஜினையே கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான் செய்ற?"

"பிரிச்சிடலாம்னு இருக்கேன். கம்பிய மாத்திப் பார்த்தாச்சு, பழைய கம்பிய வச்சே நூறு தடவை இழுத்தும் பார்த்தாச்சு, ஒரு தடவை கூட மாட்டல. விருமாண்டி சொன்னது சரியாத்தான் இருக்கும். அப்ப என்ன காரணம்னு தெரியல. காரணம் தெரியாத பிளேனை மேல அனுப்பக் கூடாது மாப்ள. எனக்கு விரலோட போச்சு. நாளைக்கு ஆடு மேய்க்கிற புள்ள மேல விழுந்தா?"

ஒரு போல்ட் இறுகிக் கிடந்தது. ஒற்றைக் கையால் கண்ணனுக்குத் திருப்ப முடியவில்லை. "இதக் கொஞ்சம் புடி" என்று ஸ்பேனரை நீட்டினான். தங்கப்பாண்டி வாங்கினான். போல்ட்டில் வைத்தான். திருப்ப வரவில்லை.

"மச்சான், நான் பூட்டல."

"என்னது?"

"சுவிட்சு. பூட்டியாச்சுன்னு சொன்னேன், பூட்டல. போன் அடிச்சது, எடுக்கப் போனேன், கை பட்டுருச்சு. அப்புறம் வந்து சுவிட்சைக் கீழ தள்ளிவிட்டேன். பிளேன்ல ஒண்ணும் இல்ல."

கண்ணன் அவனைப் பார்க்கவில்லை. என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பிளேன்ல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டான். அந்தக் குரலில் இருந்தது கோபமல்ல, நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் தங்கப்பாண்டியால் தாங்க முடியவில்லை. அறைந்திருந்தால்கூட நின்றிருப்பான்.

"ஒண்ணும் இல்ல மச்சான்."

கண்ணன் மடங்காத விரலை மேசை விளிம்பில் தேய்த்தபடி இருந்தான். கையில் பட்டதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"விருமாண்டிகிட்ட நான் பேசுனப்ப நீங்க பக்கத்துல நின்னீங்கள்ல?"

நீங்க. இருபது வருஷத்தில் முதல்முறை.

"நின்னேன்."

"முதல்ல அவங்கிட்டப் போய்ச் சொல்லுங்க. அப்புறம் நான் போறேன். நான் வேற மன்னிப்புக் கேக்கணும்."

அன்றே அவன் அவனியாபுரம் போனான். விருமாண்டி முழுவதையும் கேட்டுவிட்டு, "போன்ல நான் கேட்டப்பகூடவா?" என்று மட்டும் சொன்னான். பிறகு லேத்தை ஓடவிட்டான். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் பேச முடியவில்லை.

வீட்டில் அஸ்வினியிடம் அவனே சொன்னான். அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் துணி மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "கை தவறுறது யாருக்கும்தான். ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் உங்க தோள்ல சாஞ்சு அழுதேன்ல, அப்பவாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் பல நாள் அவன் சாப்பிடும்போது எதிரில் உட்காரவில்லை.

மழைக்கு முன்னால் ஒரு காலையில் கண்ணன் கூப்பிட்டு அனுப்பினான். பொட்டலுக்குப் போனபோது விமானம் முழுசாக நின்றிருந்தது. விருமாண்டியும் வந்திருந்தான். அஸ்வினியும்தான். ரிமோட்டை வைத்துக்கொள்ள இடுப்போடு ஒரு தட்டு கட்டியிருந்தான் கண்ணன். பிடிப்பதற்கு விரல் வேண்டாம், குச்சியை நகர்த்தக் கட்டைவிரல் போதும். தரையில் என்ஜினை ஓட்டிச் சரிபார்த்தபோது ரிமோட் அஸ்வினியிடம் இருந்தது. தங்கப்பாண்டிக்கு வாலைப் பிடிக்கிற வேலை. போனை யாரும் கேட்காமலே காரில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

கண்ணன் ரிமோட்டை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டதும் விமானம் மேலே போனது. புது விமானம் எதுவும் முதல் தடவை நேராகப் போகாது. குச்சியிலிருந்து கையை எடுத்தாலும் அது தன் பாட்டுக்கு நேராகப் போகிறவரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும்; அதுதான் ட்ரிம் வைப்பது. இது இடப்பக்கம் சாய்ந்தது. கண்ணன் திருத்தினான். மூக்கைத் தூக்கியது. திருத்தினான். பிறகு செங்குத்தாக மேலே ஏற்றினான். அப்படி ஏறும்போது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஓட்டுபவன் கண்ணுக்குத் தெரியாது, பக்கவாட்டில் நிற்பவன்தான் சொல்ல வேண்டும்.

"எந்தப் பக்கம் இழுக்குது?"

"இடது பக்கம், கொஞ்சம்" என்றான் தங்கப்பாண்டி.

கண்ணன் வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "விருமாண்டி, எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"இடதுதான்."

அதன் பிறகே கட்டைவிரல் நகர்ந்தது. மறுபடி ஏற்றினான். மறுபடி தங்கப்பாண்டியைக் கேட்டான், மறுபடி விருமாண்டியைக் கேட்டான். ஒவ்வொரு முறையும் அப்படியே. மச்சானின் இடத்தில் தான் நின்றிருந்தால் தன்னைக் கேட்டே இருக்க மாட்டோம் என்று தங்கப்பாண்டி நினைத்துக்கொண்டான். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். தெரியாதபோது தெரியவில்லை என்றான்.

வெயில் ஏறுவதற்குள் விமானம் வசத்துக்கு வந்தது. கண்ணன் அதைக் குப்புறப் புரட்டி, பொட்டலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடவிட்டு, இரண்டு கட்டைவிரலையும் குச்சியிலிருந்து தூக்கிக் காட்டினான். அது தலைகீழாக, ஆடாமல் போயிற்று. அஸ்வினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணனும் சிரித்தான், சிரிப்பு தங்கப்பாண்டி பக்கம் வருவதற்குள் அடங்கிவிட்டது.

இறக்கிய பிறகு இறக்கைகளைக் கழற்றினார்கள். ஒரு இறக்கையைத் தங்கப்பாண்டி துணி உறையில் போட்டு நாடாவைக் கட்டினான்.

"கட்டிட்டீங்களா மாப்ள?"

"கட்டிட்டேன்."

கண்ணன் நடந்துவந்து, மடங்காத விரல்களால் முடிச்சை இழுத்துப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இறக்கையின் மறுமுனையைத் தூக்கினான். தங்கப்பாண்டி இந்த முனையைத் தூக்கினான். இருவரும் அதைச் சுமந்துகொண்டு காருக்கு நடந்தார்கள்.