முயலாகிப்போன கருத்தம்மாள்

சென்னையில் உட்கார்ந்து சிறுவர் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு, பிள்ளைகள் எல்லாம் காட்டோரத்தில்தான் பிறக்கிறார்கள் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. சிங்கம், நரி, முயல். இவற்றை விட்டால் ஓர் அரண்மனை. நானும் பாம்பன் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டே நரிக்கதை எழுதி அனுப்பியவன்தான். உடனுக்குடன் போட்டார்கள்.

ஐம்பத்தாறாம் வருஷம்தான் எனக்குப் புத்தி வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்க நம் கடலையே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். எங்கள் தீவுக்குத் தெற்கே இருப்பது ஆண் கடல், வடக்கே பெண் கடல். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஆடி மாதம் ஆண் கடல் வெறிபிடித்து ஆடும். பெண் கடல் அடங்கிக் கிடக்கும். என் கதையில், ஆண் கடலில் மீன்பிடிக்கும்போது பெற்ற அய்யா மயங்கி விழ, கருத்தம்மாள் என்ற சிறுமி தனியாளாக வள்ளத்தைப் பாம்பன் பாலத்தடியில் நுழைத்துப் பெண் கடலில் கரை சேர்ப்பாள்.

கதையைப் போடுவதாகக் கார்டு வந்தது. என் மகள் பூமயில் சும்மா இருப்பாளா? 'நம்ம கடல் புத்தகத்துல வருது' என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். வழக்கமாக நாலைந்து பிரதி வரவழைக்கும் கடைக்காரர் பாக்கர், அந்த மாதம் ஒரு கட்டே வரவழைத்தார்.

கட்டு ரயிலில் வந்து இறங்கியது. மீன் கூடைகளுக்கு நடுவிலேயே நின்று பிரித்தேன். என் பெயர் இருந்தது. கருத்தம்மாள் இல்லை. அவள் இடத்தில் ஒரு வெள்ளை முயல், பாவாடை கட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கடலும் சேர்ந்து ஒரு காட்டுக் குளமாகியிருந்தன. கடைசியில் கட்டம் கட்டி, 'பெற்றோர் சொல் கேள்' என்று ஒரு நீதி. கடலில் ஆணேது, பெண்ணேது, இவனுக்குப் பூகோளமே தெரியவில்லை என்று திருத்தியிருப்பார்கள்.

"விடுங்கண்ணே, பேரு வந்திருக்குல்ல" என்றார் கட்டை வாங்க வந்திருந்த பாக்கர்.

"பேர வச்சு என்னத்தப் பண்ண? நாக்கு வழிக்கவா?" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

சாயங்காலம் பிள்ளைகள் பத்திரிகையும் கையுமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் விடவில்லை.

"அத மூடுங்க. நான் எழுதுன நெசக் கதை இந்தா இருக்கு."

வீட்டில் வைத்திருந்த நகலை எடுத்து வாசித்தேன். பாலத்தடிச் சுழலில் வள்ளம் சிக்கும் இடத்தில் கையாலேயே துடுப்புப் போட்டுக் காட்டினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"எப்படி இருக்கு?"

பூமயில் சங்கடப்பட்டு நெளிந்தாள். "நல்லாத்தான்யா இருக்கு. ஆனா இது இவுக அய்யாமாரு தினம் போற கடலுதான? இதப் போயி கதையில போடுவாகளா? மெட்ராஸ்காரவுக சரியாத்தான் மாத்திருக்காக."

மற்ற பிள்ளைகள் அதற்குள் முயல் படத்தை விரித்துக்கொண்டார்கள்.

"இத வாசிச்சுக் காட்டுங்கய்யா" என்று என் மகள் பத்திரிகையை நீட்டினாள்.

வாசித்தேன். நீதி வரைக்கும் வாசித்தேன்.