மனைவியின் சுகவீனம் காரணமாக

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா கைலாசநாதனுக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு லீவு லெட்டர்தான் எழுத வரும். 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்' என்று காரணத்தைத் தொடங்கினால், அடுத்து 'மை வைஃப்ஸ் இல்னஸ்' என்றுதான் கை போகும். தாசில்தார் வீடு எதிரிலேயே இருந்ததால், கைலாசநாதன் லீவு போட்ட நாளெல்லாம் மனைவி தாணம்மாள் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். படுத்தால் நிஜமாகவே உடம்பு சுடும். தன் உடம்பு யார் பேச்சைக் கேட்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

மாசி பிறந்தது. மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போக அவர் பேனாவை எடுத்தார்.

"மூணு வருசமா நீங்க கும்பிட்டுட்டு வாறிய, நா படுத்துக் கெடக்கேன். இந்த மட்டம் நானும் போணும். வேற காரணம் எழுதப்பிடாதா?"

"ஏட்டி, 'ஆன் அக்கவுண்ட் ஆஃபு'க்குப் பொறவு பொண்டாட்டிதான் வரும். பாடம் அப்படி."

மிஷன் பள்ளியில் படித்திருந்த தாணம்மாள், மறுநாள் காலையில் அவர் குளித்து வருவதற்குள், அதே லெட்டரைத் தன் பெயரில் எழுதி, 'வைஃப்' இருந்த இடத்தில் 'ஹஸ்பண்ட்' என்று போட்டுப் பியூனிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

பியூன் திரும்பி வந்தான். "லீவு கிட்டியாச்சு. சார் படுத்திருக்காரான்னு தாசில்தாரு பாத்துட்டு வரச் சொன்னாவ."

கைலாசநாதன் ஈரத்துண்டோடு கட்டிலில் விழுந்தார். புறப்படும்போது தாணம்மாள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. அந்தக் காய்ச்சலை அவளுக்குத் தெரியும். ஆபீஸ் பூட்டியதும் இறங்கிவிடும்.

அவள் பஸ் ஏறினாள்.