தடாகத்தை ருசி பார்த்த ஹாஜி

எங்கள் ஊரின் பெயர் சிஹேரங். ‘தெளிந்த நீர்’ என்று பொருள். பெயர் வைத்தவர்களிடம் மாடு இருந்திருக்காது.

லெம்பாங் மலைச்சரிவில் மேலே தொழுவங்கள், கீழே பள்ளிவாசல், நடுவே ஒரு வாய்க்கால். காலையில் பால் கறந்து முடித்ததும் வீட்டுக்கு வீடு ரப்பர் குழாயைத் திறந்துவிடுவார்கள். சாணி, மூத்திரம், மாடு தின்று மிச்சம் வைத்த தீவனம் எல்லாம் வாய்க்காலில் இறங்கும். வாய்க்காலும் எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் சுமந்துவந்து, தொழுகைக்கு முன் நாங்கள் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யும் தடாகத்தில் சேர்த்துவிடும். அந்தப் பள்ளிவாசலைக் கூட்டிப் பாங்கு சொல்கிறவன் நான். பெயர் ஸரிப். அல்லாஹ்வின் பொறுமை எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கியது அந்தத் தடாகத்தின் ஓரத்தில்தான்.

இந்தக் கோடையில் தண்ணீர் பச்சைப் பசேல் என்று பாசி கட்டிவிட்டது. மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. முகம் கழுவி வந்தவர்களைவிடக் கழுவாமல் வந்தவர்கள் சுத்தமாக இருந்தார்கள்.

“ஏதாவது செஞ்சாகணும்” என்றார் நிர்வாகக் குழுத் தலைவர் ஹாஜி தோஹிர். பதினான்கு மாடுகளின் சொந்தக்காரர், ஊருக்கு ‘பா ஹாஜி’, அதாவது ஹாஜி ஐயா. என்ன செய்யவேண்டும் என்பதையும் அவரே கண்டுபிடித்துவிட்டார். தெத்தே இச்சோவின் இரண்டு மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும்.

இச்சோ கணவனை இழந்தவள். தெத்தே, அதாவது அக்கா, என்றுதான் ஊர் முழுக்க அவளைக் கூப்பிடும். அவளுடைய தொழுவம் தடாகத்துக்கு நேர் மேலே இருந்தது. அவள் செய்த குற்றம் அது ஒன்றுதான். மற்றபடி அவள் சாணியைத் தண்ணீர் விட்டு அடிப்பதே கிடையாது. மண்வெட்டியால் வழித்து, வைக்கோல் கலந்து, தார்ப்பாய் போட்டு மூடி, மட்கிய பிறகு தன் புல்லுக்குக் கொஞ்சம், பக்கத்து முட்டைக்கோஸுக்குக் கொஞ்சம் என்று போடுவாள். நான் அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் குழுவில் எனக்கு வாய் கிடையாது, துடைப்பம் மட்டும்தான். அந்த இரண்டு மாடுகளும் போனால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பதை நினைத்துக்கொண்டே கூட்டினேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தடாகத்தின் ஓரத்திலேயே குழு கூடியது. இச்சோவையும் வரச் சொல்லியிருந்தார்கள். மார்க்க ஆசிரியரான இளம் உஸ்தாத் முக்லிஸ் சட்டத்தை எடுத்துச் சொன்னார்.

“அசுத்தம் விழுந்து நிறம், வாசனை, ருசி, இந்த மூணுல ஒண்ணு மாறினாலும் அந்தத் தண்ணியில ஒளு கூடாது.”

“நிறம்தான் பச்சையா இருக்கே!” என்றார் ஹாஜி.

“அது பாசியோட நிறம். பாசிக்கு மன்னிப்பு உண்டு, பா ஹாஜி.”

“அப்ப வாசனை?”

எல்லாரும் குனிந்து மோந்து பார்த்தார்கள். ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியலயே” என்றார் குழுவில் ஒருவரான ஓஜோன் அண்ணன், காங் ஓஜோன். “இந்த மூக்கு தொழுவத்துலயே பொறந்து தொழுவத்துலயே வளந்தது. அத்தர் வச்சாத்தான் இதுக்குத் தும்மலே வரும்.”

பால் கறக்கிற ஊரில் சாணி நாற்றத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு மூக்குகூட மிஞ்சவில்லை.

“அப்ப ருசிதான் பாக்கி” என்றாள் இச்சோ. “பாருங்க, பா ஹாஜி. என் மாடுதான்னு சொன்னது நீங்கதானே?”

ஹாஜிக்குப் பின்வாங்க வழியில்லை. தொப்பியைச் சரிசெய்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு, அனுபவப்பட்ட சமையல்காரர் மாதிரி, “புளிக்குது” என்றார்.

“சாணி புளிக்காதே” என்றாள் இச்சோ.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“இருபது வருசமா அதோடதானே குடித்தனம் பண்றேன்!”

“இது சாணிப் புளிப்பு இல்ல. இது… தாஹு சக்க…”

சொல் வெளியே வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சோயாவை அரைத்து, பால் பிழிந்து, தாஹு என்ற சோயாக்கட்டி செய்தபின் மிஞ்சும் புளித்த சக்கை. எங்கள் ஊரில் பீப்பாய் பீப்பாயாக அதை இறக்கி மாட்டுக்குப் போடுகிறவர் ஒரே ஒருவர்தான்.

காங் ஓஜோன் முதலில் வாய்திறந்தார். “மேல இருந்து அனுப்பிவிட்டுட்டு, கீழ எறங்கி வந்து நீங்களே வாங்கிக்கிட்டீங்களே, பா ஹாஜி!”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஹாஜியின் முகம் மட்டும் வெளுத்திருந்தது. உஸ்தாதின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இத்தன மாசமா நான் தொழுததெல்லாம் என்னாகும்?”

இச்சோதான் பதில் சொன்னாள். “தெரியாம செஞ்சத அல்லாஹ் மன்னிச்சிருவான். நாளைக்குக் காலையில கொழாயத் தெறக்காதீங்க, அது போதும்.”

அவள் நினைத்திருந்தால் அன்றைக்கு அவரை ஒரு மிதி மிதித்திருக்கலாம். ஊரே கைதட்டியிருக்கும்.

மறுநாள் காலை, ஹாஜி குழாயைத் திறக்கிறாரா என்று பார்க்க மேலே அவருடைய தொழுவத்துக்குப் போனேன். ஹாஜி முழங்கால்வரை சாணியில் நின்றிருந்தார். பதினான்கு மாட்டுச் சாணியையும் வழித்து ஒரே புல் பாத்தியில் மலையாகக் குவித்திருந்தார். இச்சோ ஒரு தள்ளுவண்டியோடும் இரண்டு மண்வெட்டியோடும் வந்து நின்றாள்.

“ஐயோ! இதென்ன, மௌலூது விருந்தா? ஒரே ஆளு தட்டுல இவ்வளவா கொட்டுவாங்க?”

“சாணி நல்லதுதானே?”

“நல்லதுதான். பச்ச சாணி மட்க வேணாமா? மட்கினாலும் புல்லு தின்னது போக மிச்சம் மழையில எங்க போகும்?”

ஹாஜி சரிவைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். “பள்ளிவாசலுக்கு” என்றார்.

“ஆமா. தொழப் போகும்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு மூன்று பேரும் வேலையில் இறங்கினோம். குவியலை வாய்க்காலுக்கு எட்டாத மேட்டுக்கு மாற்றி வைக்கோல் கலந்து மேலே தார்ப்பாய் போட்டோம். மட்கியதும் அவருடைய ஐந்து பாத்திகளுக்கும் பங்கு என்று அவள் கணக்குச் சொன்னாள். வழிந்துவருவதை வடிகட்டட்டும் என்று வாய்க்கால் ஓரத்துப் புல்லைப் பத்தடிக்கு அறுக்காமல் விடச் சொன்னாள். தனக்கென்று ஒரு கூடைகூட எடுத்துக்கொள்ளவில்லை. நன்மை தீமைகளைப் பதிவுசெய்யும் வானவர்கள் இப்படிப்பட்ட காரியங்களைத்தான் பெரிய எழுத்தில் எழுதுவார்கள் என்பது என் நம்பிக்கை.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாகியும் ஹாஜி மன்னிப்புக் கேட்கவில்லை. ஹாஜிமார்களின் கழுத்து வளையக் கொஞ்சம் காலம் பிடிக்கும். வண்டியின் பிடியைப் பற்றியபடி தரையைப் பார்த்துச் சொன்னார்.

“ஒன் மாடு எங்கயும் போகவேண்டாம், இச்சோ.”

“போகாது, பா ஹாஜி. தார்ப்பாயோட அந்த மூலைய இழுங்க, மழை வருது.”