ஒரு குடம் கடல் தண்ணீர்

குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தேசம்மா மணலில் இறங்கியபோது சரியாக விடியவில்லை. கடல் தொழிலுக்குப் போனவன் செத்தால் பிணத்துக்கு முதலில் ஒரு குடம் கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதைப் பெண்டாட்டிதான் மொண்டு வர வேண்டும் என்பது அந்தக் குப்பத்து வழக்கம். சாந்தோம் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. ஊருக்குள்ளிருந்து வந்த மார்கழிக் காற்று முதுகில் குத்தியது.

நேற்று இதே நேரத்தில் புருஷன் மண்ணாங்கட்டி உயிரோடு இருந்தான். கோணியைப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை.

"என்னைக் கடலாண்ட இட்டுக்கினு போ மே. கொஞ்ச நேரம் தண்ணியில குந்திக்கினு வரேன்."

"இன்னாயா, காய்ச்சல் தலைக்கேறிடுச்சா? இந்தக் குளுருல கடல்ல குந்தணுமா?"

"காத்துதான் மே குளுரு. தண்ணி சூடாத்தான் கீது. பகல்ல வாங்கின சூட்ட அது லேசுல வுடாது."

அவள் நம்பவில்லை. கட்டுமரத்திலிருந்து இறங்குகிறவர்கள் வெடவெடவென்று நடுங்குவதைக் கல்யாணமான நாள் முதல் கரையில் நின்று பார்த்தவள். தண்ணீர் மேல் புகை படர்வதையும் பார்த்திருக்கிறாள். எல்லாம் கடலின் குளிர் என்றே நினைத்திருந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். டிராம் ரோட்டுக்கு மீன் கொண்டுபோகக் கூடையோடு வாசலில் நின்ற பெண்களிடம் போய், "எங்கூட்டு தொர கடல்ல எறங்கி குளுர் காயணுமாம்!" என்று சொல்லிவைத்தாள். பக்கத்து வீட்டு முத்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குடிசைக்கு ஓலைதானே சுவர். அதன்பிறகு அவன் அவளிடம் எதுவுமே கேட்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் போய்விட்டான்.

அலை வந்து கணுக்காலை நனைத்தது. வெதுவெதுவென்று இருந்தது.

தேசம்மா திடுக்கிட்டு இன்னும் உள்ளே போனாள். இடுப்பு வரை இதமாக இருந்தது, அதற்கு மேல்தான் காற்று கடித்தது. ஒரு ஈ காக்கை இல்லாத கரையில், வெட்கம் தாங்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மொண்டுகொண்டு கரையேறியதும் ஈர உடம்பில் காற்றுப் பட்டு, அந்த ஆம்பிளைகளைப் போலவே அவளுக்கும் பல் கிட்டியது.

குடத்தின் வாயை முந்தானையால் பொத்தி, மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். அதற்குள் காற்று தன் வேலையைச் செய்துவிட்டது.

வாசலில் முத்தம்மா குடத்துக்குள் கையை விட்டாள். "ஐய, ஜில்லுன்னு கீதே! செரி, ஊத்து."

தேசம்மா ஊற்றவில்லை. பிணத்தைத் தாண்டி உள்ளே போய் அடுப்பில் குடத்தை வைத்தாள்.

"எழவு ஊட்ல அடுப்பு பத்த வெக்கிறியே! நாலு பேரு இன்னா மே சொல்லுவாங்கோ?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரச் சேலையோடு குந்தி ஊதினாள். சுள்ளி பற்றியதும் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். அந்தச் சூடு இன்னும் வரவில்லை. மறுபடி குனிந்து ஊதினாள்.