நடுச் சக்கரம்

காலை நேரத்தில் அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஒரு பக்கம் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் தேனீக்கூட்டம் போல ரீங்காரமிடும். இன்னொரு பக்கம் வார்டுகளிலிருந்து தொலைபேசி விடாமல் கத்தும். நடுவில், ஜன்னலோர மேசையில், டைப்பிங் அக்கா உட்கார்ந்து ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருப்பார்.

அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. டாக்டரிலிருந்து துடைப்பம் பிடிப்பவர் வரை எல்லோருக்கும் அவர் டைப்பிங் அக்காதான். பெரிய இயந்திரங்களெல்லாம் முடிவுகளை நேராகக் கணினிக்கே அனுப்பிவிடும். ரத்தத்திலுள்ள உப்புகளை அளக்கும் சின்ன இயந்திரம் மட்டும் பிடிவாதக்காரக் கிழவர் மாதிரி கணினியோடு பேசாது. ஒரு துண்டுச் சீட்டைத் துப்பும், அவ்வளவுதான். சோடியம், பொட்டாசியம் என்று அதிலிருப்பதை அக்கா கையால் அடித்து, சரிபார்த்து, வார்டுக்கு அனுப்ப வேண்டும்.

சரிபார்ப்பதில் அக்காவுக்கு ஒரு பழக்கம். குழந்தைகள் வரியில் விரல் வைத்துப் படிப்பதைப் போல, திரையிலுள்ள எண்ணை மவுஸால் இழுத்து நீலமாக்கிக்கொள்வார். பிறகு சீட்டைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த எண். விண்டோஸில் இத்தனை வருடமும் அப்படித்தான் செய்தார். ஒரு தவறும் வந்ததில்லை.

போன மாதம் கணினிகள் எல்லாம் விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்துக்கு மாறின. மாற்றியதில் நியாயம் இருந்தது. பழைய விண்டோஸ் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்றாகிவிட்டது. நோயாளிகளின் விவரங்களைத் திறந்த கதவோடு வைத்திருக்க முடியாது. புதியது வேகமாகவும் இருந்தது. வேலை நடுவே தானாக அணைந்து, ‘சற்றுப் பொறுங்கள்’ என்று சுற்றிக்கொண்டிருப்பதில்லை. அக்காவே மனதுக்குள் அதை மெச்சிக்கொண்டார். ஆனால் பல வருடம் குடியிருந்த வீட்டில் விளக்கின் சுவிட்ச் எங்கே என்று கைக்கே தெரியும். புது வீட்டில் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் கை சுவரைத் தடவிக்கொண்டுதான் இருக்கும்.

கணினிகளை மாற்றியவரை எல்லோரும் சிஸ்டம் தம்பி என்பார்கள். கெட்டிக்காரன். நக்கலும் அதிகம்.

முதல் நாள் அக்கா கேட்டார். “தம்பி, இதுல சி டிரைவ், டி டிரைவ் எல்லாம் காணோமே. என் ஃபைல் எல்லாம் டி டிரைவ்லதானே இருந்துச்சு?”

“டி டிரைவா? அது சொர்க்கத்துக்குப் போயிடுச்சுக்கா. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் சொல்றேன்.”

கூடமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள், வாயாடி என்று பெயர் வாங்கிய இளம் டெக்னீஷியன். அக்காவும் சிரித்து வைத்தார்.

இரண்டாம் முறை, ஒரே பெயரில் ஒன்று ஆங்கிலப் பெரிய எழுத்தும் இன்னொன்று சின்ன எழுத்துமாக எப்படி இரண்டு ஃபைல் இருக்கிறது என்று கேட்டார். “விண்டோஸ் உங்கள ரொம்பச் செல்லங்கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கு, ஜன்னலக்கா” என்றான் தம்பி. அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காப்பி குடிக்கும் இடத்தில்கூட, “ஜன்னலக்காவுக்கு ஒரு கப்பு!” என்று வாயாடி குரல் கொடுப்பாள்.

மூன்றாவது கேள்வியை அக்கா கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வி இதுதான்: தான் அடிக்காத எழுத்துகள் எப்படித் திரையில் வருகின்றன? ஒரு நாள் ஒருவருடைய வயதுக்குப் பக்கத்தில் இன்னொருவருடைய பெயர் வந்து உட்கார்ந்திருந்தது. இன்னொரு நாள் காலிக் கட்டத்தில் ஏதோ ஒரு எண். அக்காவுக்குப் பகீரென்றது. தன் கைதான் தடுமாறுகிறது, தனக்குத்தான் மறதி வந்துவிட்டது என்று நினைத்தார். சத்தமில்லாமல் அழித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அன்று புதன்கிழமை. மேல் மாடி வார்டிலிருந்து ஒரு பஸ் டிரைவருடைய ரத்தம் வந்திருந்தது. உடம்பு அடித்துப்போட்டது போல் பலவீனம், கால்கள் துவளுகின்றன, அவசரம் என்று எழுதியிருந்தார்கள். அவருக்கு முன்னால் இருந்த நோயாளிக்குப் பொட்டாசியம் 2.6. மிகக் குறைவு. அக்கா வழக்கம்போல அந்த எண்ணை நீலமாக்கி, சீட்டோடு ஒப்பிட்டு, அனுப்பினார். பிறகு டிரைவருடைய பக்கத்தைத் திறந்து மற்ற முடிவுகளைப் பார்த்தபடி மவுஸின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே கீழே வந்தார். உப்புச் சீட்டு இன்னும் வரவில்லை. அந்த நேரம் தொலைபேசி அடித்தது.

“அக்கா, டிரைவரோட ரிப்போர்ட் எங்க? டாக்டர் கால்ல சுடுதண்ணி ஊத்தின மாதிரி நிக்கிறார்” என்றாள் வார்டு சிஸ்டர்.

“இதோ சிஸ்டர், ஒரு நிமிஷம்.”

திரும்பிப் பார்த்தார். சோடியத்தைத் தவிர எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. சோடியம் காலியாக இருந்தாலும் அனுப்பலாம், அது அப்புறம் சேரும். பொட்டாசியம் இருந்தது. சரி, அடித்துவிட்டோம் போலிருக்கிறது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினார்.

அடுத்த இரண்டு ரிப்போர்ட்களை முடித்த பிறகுதான் கண்ணாடிக்காரர் என்கிற மூத்த டெக்னீஷியன் ஒரு சீட்டைக் கொண்டுவந்து தட்டில் போட்டார். “உங்க டிரைவரோட உப்பு. இப்பதான் வந்துச்சு.”

அக்கா சீட்டைப் பார்த்தார். பொட்டாசியம் 6.1.

சீட்டே இப்போதுதான் வந்தது என்றால், எதைப் பார்த்து அடித்தோம்? உடனே டிரைவருடைய பக்கத்தைத் திறந்தார். 2.6 என்று இருந்தது. முந்தைய ஆளுடைய எண்.

இருபது வருடம் ரிப்போர்ட் அடித்தவருக்கு இதன் அர்த்தம் தெரியாமலா போகும்? குறைவு என்று நினைத்துப் பொட்டாசியம் ஏற்றுவார்கள். ஏற்கெனவே அதிகமாக இருக்கும் உடம்பில் அது ஏறினால் இதயம் நின்றுவிடும்.

வார்டுக்குப் போன் போட்டார். அந்த லைனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், பிஸி சத்தம்தான் வந்தது. மறுபடியும் போட்டார். அதே சத்தம். திருத்தி இன்னொரு முறை அனுப்பிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. யாருக்கும் தெரியாது. தம்பி சிரிக்க மாட்டான். வாயாடி பாட்டுக் கட்ட மாட்டாள். ஆனால் ஒரு முறை ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள் இரண்டாவதை எப்போது பார்ப்பார்கள்?

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“என்னக்கா, டி டிரைவ் கெடச்சிடுச்சா? இந்த ஓட்டம் ஓடுறீங்க!” என்றாள் வாயாடி.

அக்கா திரும்பிப் பார்க்காமல் கூடத்தை விட்டு வெளியே ஓடினார். லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. படியில் ஏறினார். முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. ‘கடவுளே, என் மானம் போனாப் போகட்டும். அந்த மனுஷனைக் காப்பாத்து’ என்பதைத் தவிர வேறு வேண்டுதல் வாயில் வரவில்லை.

வார்டில் டிரைவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி அவருடைய பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கட்டில் தலைமாட்டில் பொட்டாசியம் கலந்த புதிய பாட்டில் தொங்கியது. சிஸ்டரின் கை குழாயில் இருந்தது. சொட்டு விழத் தொடங்கியிருந்தது.

“நிறுத்துங்க சிஸ்டர்!”

சிஸ்டரின் கட்டைவிரல் அனிச்சையாகக் குழாயின் சின்னச் சக்கரத்தை உருட்டி மூடியது. சொட்டு நின்றது.

“என்னாச்சுக்கா?”

“அந்த நம்பர் இவரோடது இல்ல. இவருக்குக் கம்மி இல்ல, அதிகம். ஆறு புள்ளி ஒண்ணு. தப்பு என்னோடது.” அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லி முடிப்பதற்குள் படிகளில் ஏறியதைவிட அதிகமாக மூச்சு வாங்கியது.

சிஸ்டரின் முகம் வெளுத்தது. குழாயைக் கழற்றினாள். டாக்டர் ஓடிவந்தார். இதயத் துடிப்பைப் பார்க்கும் கருவியை இழுத்துவந்து மாட்டினார்கள். பச்சைக் கோடு ஏறி இறங்குவதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடு எங்கேயாவது தட்டையாகிவிடுமோ என்று அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு மருந்து போட்டார்கள்.

கடைசியில் டாக்டர் நிமிர்ந்தார். “உள்ள போனது ரொம்பக் கொஞ்சம். தாங்கிட்டார். விடாம பாத்துக்கணும்.”

டிரைவரின் மனைவி கணவரின் பாதத்திலிருந்து கையை எடுத்தார். அக்காவிடம் திரும்பினார். “என்னம்மா நடந்துச்சு?”

மழுப்பியிருக்கலாம். “நான்தாம்மா ரிப்போர்ட்ட தப்பா அனுப்பிட்டேன்” என்றார் அக்கா.

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணில் கோபம் பொங்கி வந்தது. அது எப்படியோ பாதி வழியில் நின்றது. தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலால் இவர் பக்கம் நகர்த்தினார். “உக்காருங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது. தெரிஞ்சதும் ஓடி வந்தீங்கல்ல, அது போதும்.”

அக்கா உட்காரவில்லை. ஆனால் கீழே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கான தெம்பை அந்த ஸ்டூல்தான் தந்தது.

கீழே பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பிலிருந்த லேப் டாக்டரம்மா எல்லோரையும் வரச் சொன்னார். சிஸ்டம் தம்பியும் வந்தான். அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தம்பி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொன்னபடியே ஒரு எண்ணை நீலமாக்கினான். அடுத்த பக்கத்தைத் திறந்தான். சக்கரத்தை உருட்டினான். ஒன்றும் ஆகவில்லை.

“நல்லாத்தானே இருக்கு?”

“உங்க விரல் லேசு தம்பி. என் விரல் கொஞ்சம் அழுத்தும்.”

அழுத்தினான். காலிக் கட்டத்தில் அந்த எண் வந்து உட்கார்ந்தது.

“ஓ, இதா!” என்றான். குரலில் நிம்மதி தெரிந்தது. “இது கோளாறே இல்ல மேடம். விண்டோஸ்ல காப்பின்னு சொன்னாத்தான் காப்பி ஆகும். இதுல செலக்ட் பண்ணாலே காப்பி. நடுச் சக்கரத்த அமுக்கினா பேஸ்ட். காலங்காலமா இருக்குற வசதி. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.”

“எல்லாருக்கும்னா யார் யாருக்கு?” என்றார் லேப் டாக்டர்.

தம்பி திரும்பிப் பார்த்தான். யாரும் தலையாட்டவில்லை.

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். “எனக்கும் இப்படி எழுத்து வந்துச்சு. கண்ணுல கோளாறுன்னு நெனச்சு அழிச்சிட்டேன். கண் டாக்டர்கிட்டகூட போய்ட்டு வந்தேன்.”

கடைசியில் வாயாடி, தரையைப் பார்த்துக்கொண்டே, “எனக்கும்தான் மேடம். நெறைய தடவ” என்றாள்.

“ஏம்மா சொல்லல?” என்றார் லேப் டாக்டர்.

“அக்காவ எப்படிக் கலாய்ச்சோம்னு எனக்குத் தெரியும்ல? கலாய்ச்சதே நான்தானே. அடுத்தது என் முறை ஆயிடுமோன்னு...”

தம்பியின் கை மவுஸிலிருந்து தானாக விலகியது.

“மேடம், போன வாரம் மேலதிகாரிகிட்ட என்ன சொல்லிட்டு வந்தேன் தெரியுமா? ‘இப்பெல்லாம் லேப்ல யாரும் ஒரு கேள்விகூடக் கேக்கறதில்ல, மாத்துனது அமோகமா முடிஞ்சிருச்சு’ன்னு மார் தட்டிட்டு வந்தேன். யாரும் கேக்காததுக்குக் காரணம் நான்தான்னு எனக்குத் தோணவே இல்ல.”

அவனை யாரும் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. கணினி மாறிய நாளிலிருந்து போன ரிப்போர்ட்களையெல்லாம் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் லேப் டாக்டர். தம்பி முதலில் எல்லாக் கணினிகளிலும் அந்தச் சக்கரத்தின் வேலையை நிறுத்தினான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்தான். சாயங்காலம் வரை அவர் சீட்டை வாசிக்க, அவன் திரையைப் பார்த்தான். வேறு எந்த ரிப்போர்ட்டிலும் பிசகில்லை என்று தெரிந்தபோது அவர் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னார். மேலேயிருந்து சிஸ்டர் போன் செய்தாள். டிரைவர் எழுந்து உட்கார்ந்து, தன் மனைவி கொண்டுவந்த கஞ்சியில் உப்பில்லை என்று குறை சொல்கிறாராம்.

கூடத்தில் அன்றைக்கு முதன்முறையாகச் சிரிப்புக் கேட்டது.

தம்பி சீட்டை விரலில் உருட்டிக்கொண்டே தயங்கினான். “அக்கா, ஒரு முட்டாள்தனமான கேள்வி கேக்கட்டுமா? இத்தன நாளா இந்தக் கட்டத்தயெல்லாம் நான்தான் போட்டுக் குடுத்திருக்கேன். ஆனா இந்தப் பொட்டாசியம்னா என்ன, அது எதுக்கு உடம்புல?”

வாயாடியின் உதடு பழக்கதோஷத்தில் விரிந்தது. உடனே மூடிக்கொண்டது. தன் நாற்காலியையும் அவள் அருகில் இழுத்துப் போட்டாள்.

அக்கா சிரிக்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“முட்டாள்தனமான கேள்வின்னு ஒண்ணு கெடயாது தம்பி. தெரியாதத கேக்குறதுல வெக்கமே இல்ல. கேட்டவங்களப் பாத்துச் சிரிக்கிறோம் பாரு, அதுதான் தப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் வாய மூடிக்கிட்டேன் பாரு, அதுவும் தப்பு. இந்த ரெண்டு தப்பும் சேர்ந்து இன்னைக்கு ஒரு பொண்ணோட தாலியத் தொட்டுட்டு வந்திருக்கு. இனிமே இந்த ரூம்ல யார் எதக் கேட்டாலும் பதில்தான் வரணும், சிரிப்பு வரக் கூடாது. சரி, இப்ப பொட்டாசியத்துக்கு வருவோம். கிட்ட வா.”